சொதப்பியவர் வாசல்

1991ஆம் ஆண்டு தை மாதம் பத்தாம் தேதி, பகல் இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தபோது, மண்ணூர் சின்னப்பையன் வீட்டு வாசலில் நாற்பத்து மூன்று இரும்புக் கிளாம்புகள் வரிசையாக நின்றன. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. நாற்பத்து மூன்றிலும் துளை ஓரம் தள்ளி விழுந்திருந்தது. அன்று காலை ஷிப்டில் பக்கத்து மெஷின்காரனிடம் யார் நிலம் யாருக்குப் போகிறது என்று பேசிக்கொண்டே சின்னப்பையன் போட்ட துளைகள் அவை. கம்பெனியின் ரிஜெக்ட் தொட்டியில் கிடந்தவை, சங்கு ஊதுகிற நேரத்துக்குள் ஒன்றரை மைல் தாண்டி அவன் வீட்டுக்கு வந்துவிட்டன. அவன் மனைவி அவற்றைத் தாண்டிப் போய் ஆட்டைப் பிடித்துக் கட்டினாள். சாயங்காலம் வந்த பால்காரர்தான் நின்று நிதானமாக எண்ணிச் சொன்னார். கணக்கு தெரிந்தது அவரால்தான்.

அந்தக் கம்பெனிக்கு மூன்று முதலாளிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ஊரில் அதை யாரும் படித்ததில்லை, சங்குக் கம்பெனி என்றே சொன்னார்கள். கிளாம்பு, பிராக்கெட், கதவுக் கீல் என்று தகட்டை அடித்தும் வளைத்தும் அனுப்புகிற இடம். காலை ஆறு, பகல் இரண்டு, ராத்திரி பத்து என்று மூன்று தடவை சங்கு ஊதும். திரும்பி வருகிற சாமான்கள் மட்டும் பகல் இரண்டு மணியைத்தான் பிடித்துக்கொண்டன. ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கும்தான் ஒரு நேரம் இருக்கிறது.

மாசிக்குள் கம்பெனியைத் தாண்டி ஊருக்குள்ளும் இது பரவியது. தையற்கார மீனம்மாளின் கொடியில், கழுத்து இறங்கிப்போன ரவிக்கை ஒன்று வந்து தொங்கியது. அவள் பிரித்துச் சரியாகத் தைத்துப் போட்டதும், மறுநாள் இரண்டு மணிக்கு அது உடைமைக்காரியின் கொடிக்குப் போய்விட்டது. கொத்தனார் பரசுராமன் கட்டிய மாட்டுக்கொட்டகைச் சுவர், தூக்குக்குண்டு பிடிக்காமல் கட்டிய குற்றத்துக்காக அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எட்டு நாள் அந்தக் குடும்பம் பின்பக்கமாகவே போய்வந்தது. ஒன்பதாம் நாள் அவர் அதை இடித்து, அதே செங்கல்லில் நேராகக் கட்டினார். இரண்டு மணிக்கு அது கொட்டகைக்குப் போயிற்று. மாடு கொஞ்சம் மிரண்டதாகச் சொன்னார்கள்.

சொதப்பல் என்ற சொல்லை அதுவரை ஊரில் எல்லாரும் எதற்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தாலும் சொதப்பல், பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனாலும் சொதப்பல். அந்த வருஷம்தான் அந்தச் சொல்லுக்கு எல்லை எதுவென்று தெரிந்தது. அப்பாவுவின் வேர்க்கடலை தண்ணீர் இல்லாமல் காய்ந்தபோது அவர் வாசலுக்கு ஒரு செடியும் வரவில்லை. அது வானம் செய்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் கருக்கிய தோசை அவளிடம் திரும்பவில்லை. அவள் கற்றுக்கொண்டிருந்தாள். சர்வே நம்பரை வேண்டுமென்றே மாற்றி எழுதிய ஒருவர் வாசலில் பத்திரம் வந்து விழும் என்று ஊரே ஒரு வாரம் இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றது. வரவில்லை. அது அயோக்கியத்தனம், அதற்கு வேறு கணக்கு. தெரிந்த வேலையாக இருக்க வேண்டும், செய்யக்கூடிய கையாக இருக்க வேண்டும், செய்ய நேரமும் இருந்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்து, போதும் விடு என்று அரைகுறையாகப் போட்டுவிட்டு எழுந்து போயிருந்தால், அதுதான் சொதப்பல். அது மட்டும்தான் வாசலுக்கு வந்தது.

ஃபிட்டர் ரகுபதி வீட்டு வாசலுக்கு ஐந்து மாதமாக ஓர் ஆணிகூட வரவில்லை. கம்பெனியின் அத்தனை மெஷின்களும் அவர் கையில்தான் இருந்தன. நாற்பத்தோரு வயது, எண்ணெய் ஏறிய காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். மெஷினில் காதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி லீலா, குழாயடியில் மற்றவர்கள் தங்கள் வாசலுக்கு வந்ததைச் சொல்லி அழும்போது, வாயைத் திறக்காமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பேசாமல் இருப்பதிலும் ஒரு பெருமை உண்டு. ரகுபதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. லைனில் யார் என்ன செய்தாலும் சொதப்பல் என்ற சொல்லைத் தூக்கி மூஞ்சியில் அடிப்பார்.

அவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அன்பு. சேரப்பணஞ்சேரிக்காரன், இருபத்து நான்கு வயது, பாஞ்சாலி என்ற விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை, இரண்டு பஸ் மாறி வந்து, தகட்டை அடிக்கிற கடைசி பிரஸ்ஸை ஓட்டுகிறவன். ஒரு நாள் ஆறு தகடுகளைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டான். "நீயெல்லாம் சொதப்புறதுக்குன்னே பொறந்து வந்துகீறடா" என்றார் ரகுபதி. லைனே சிரித்தது. அன்பு சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்த ஆறையும் நிமிர்த்திச் சரிசெய்துவிட்டான். அதனால் அன்று இரண்டு மணிக்கு அவன் வாசலுக்கு ஒன்றும் வரவில்லை. இதை யாரும் ரகுபதியிடம் சொல்லவில்லை, அவரும் விசாரிக்கவில்லை.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகமே உச்சரித்தது. அது பெரிய சரித்திரம், அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் விஷயத்துக்கு வேண்டியது, பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை என்பது மட்டும். கம்பெனி மறுபடி ஓடத் தொடங்கிய அன்றைக்கே கடைசி பிரஸ்ஸின் பெடல் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. காலால் பெடலை மிதித்தால் பிரஸ் ஒரு தடவை இறங்கி, ஏறி, நின்றுவிட வேண்டும். ஸ்பிரிங்தான் பெடலைத் திரும்பத் தூக்கிவிடுவது. தூக்காவிட்டால் பிரஸ் இன்னொரு தடவை தானாகவே இறங்கும். மெட்ராஸில் ஸ்பிரிங் கடை மூடிக்கிடந்தது. லோடு போயே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் தலைமேல் நின்றார். ரகுபதி பழைய சைக்கிள் ட்யூபை ஒரு முழம் வெட்டி, இழுத்து, ஸ்பிரிங் இருந்த இடத்தில் கட்டிவிட்டார். அன்றைக்கு அது சொதப்பல் இல்லை. அவசரத்துக்கு இந்தப் பக்கத்தில் எல்லா ஃபிட்டரும் அப்படித்தான் கட்டுவார்கள்.

இரண்டாம் நாள் கடைகள் திறந்துவிட்டன. அதற்கப்புறம் பதினோரு நாள் ட்யூப் அங்கேயே இருந்தது. அன்பு இரண்டு தடவை சொன்னான், "அண்ணே, பெடலு தூக்க மாட்டேங்குது, ரப்பரு எளகிக்கினு போவுது" என்று. "ஓட்டுடா, நாளிக்குப் பாத்துக்கலாம்" என்றார் ரகுபதி. அவருக்கு வேறு வேலை இருந்தது என்று சொல்ல முடியாது. அந்த வாரம் அவர் முதலாளி ஒருவரின் மொபெட்டுக்குக் கேரியர் செய்து கொடுத்தார். ஓடுகிற மெஷின்தானே என்ற நினைப்பு. ஜூன் ஏழாம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், அன்பு அடித்த தகட்டை எடுக்க இரண்டு கையையும் உள்ளே விட்டபோது, பிரஸ் தானாக இன்னொரு தடவை இறங்கியது. மணிக்கட்டு வரை இரண்டு கைகளும் போயின.

ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் இருப்பது கெடுதல் செய்து முடிக்கிற வரைக்கும் இந்த ஏற்பாடு அதைச் சொதப்பலாக எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. முன்கூட்டியே ஒரு நாள் அந்த ட்யூப் ரகுபதி வாசலில் வந்து விழுந்திருக்கலாம். விழவில்லை. அதில் நமக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அன்று இரண்டு மணிச் சங்குக்குத்தான் அது வந்தது. மூன்று மணிக்கு வீடு திரும்பிய ரகுபதி, வாசற்படியில் ஒரு முழ சைக்கிள் ட்யூப் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். முடிச்சு அவருடைய முடிச்சு. லீலா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். அவர் அதை எடுத்துக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செருகிவிட்டு, கம்பெனிக்குத் திரும்பிப் போய்ப் புது ஸ்பிரிங்கை மாட்டினார். சரிசெய்தாயிற்று என்று நினைத்தார். மேனேஜர் ரெஜிஸ்டரில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி நீட்டியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கேன்டீனில் யாரோ கேட்டதற்கு, "அவன்தாம்பா சொதப்பிக்கினான்" என்றார். சாயங்காலத்துக்குள் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

அன்பு ஏழு வாரம் மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர்கள் திருத்திக்கொண்டிருந்தவரை இரண்டு மணி அவனைத் தொடவில்லை. கூடவே இருந்த பாஞ்சாலிக்குக் கை போன துக்கத்தைவிட இந்தச் சொல் அதிகமாக உறுத்தியது. பிள்ளைக்குக் கை இல்லை, அதோடு பேரும் இல்லை என்றால் எதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவான்? ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியை வாசலில் போட்டு அவனை உட்கார்த்தினாள். விஷயம் தெரிந்து தெருவே கூடிவிட்டது. "எம் புள்ள தப்புன்னா ரெண்டு மணிக்கு இங்கியே குந்திக்கினு இருப்பான். வேற எவன் தப்புன்னாலும் இப்போ தெரிஞ்சுடும்" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். சேரப்பணஞ்சேரிக்குச் சங்குச் சத்தம் எட்டாது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலி அடுத்த உருண்டையை உருட்டி நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் கை அப்படியே நின்றது. பிறகு அவள் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதில் பாதி சந்தோஷம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வியாழக்கிழமை கம்பெனிக்கு வார விடுமுறை. ரகுபதி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லீலாதான் முதலில் பார்த்தாள். "இன்னாங்க, வாசல்ல யாரோ குந்திக்கினு கீறாங்க" என்றாள். அவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். அன்பு படிக்குக் கீழே தரையில், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே கால் மடங்கி விழுந்து, எழுந்திருக்கக் கை ஊன்ற முடியாமல் புரண்டுகொண்டிருந்தான். வாயில் மென்று முடியாத சோறு இருந்தது.

"நானா வரலண்ணே" என்றான்.

"கடை மூடியிருந்திச்சுப்பா அன்னிக்கு" என்றார் ரகுபதி.

"பதினோரு நாளுமா?"

லீலா ரகுபதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போய் அன்புவின் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார்த்தினாள். அந்தப் பார்வையைச் சாகிற வரைக்கும் மறக்க முடியாது என்று ரகுபதி பின்னாளில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பாஞ்சாலி அவனைக் கட்டிலோடு கயிற்றால் கட்டிப் பார்த்தாள். இரண்டு மணிக்குக் கயிறு முடிச்சு அவிழாமல் கட்டிலில் கிடந்தது. ரகுபதி ஆவணியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குன்றத்தூருக்குக் குடிபோனார். கோயில் மலையின் அடிவாரத்தில் வாடகை வீடு. சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, புது வாசலில் பீரோவுக்கும் அண்டாவுக்கும் நடுவில் அன்பு உட்கார்ந்திருந்தான். வண்டிக்காரன் அவனையும் சாமானோடு எண்ணிவிட்டான். நான்காம் நாள் ரகுபதி மண்ணூருக்கே திரும்பிவிட்டார். ரவிக்கையைப் பிரித்துத் தைக்கலாம், சுவரை இடித்துக் கட்டலாம். திருத்த முடியாத ஒன்று வந்து சேர்ந்தால் அது தினமும் வரும் என்பது ஊருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்பு அங்கே எதையும் தொடமாட்டான், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். வருவான், இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவான், நாலு மணி பஸ் பிடித்துப் போவான். அவன் சட்டைப் பையிலிருந்து கண்டக்டரே டிக்கெட் காசை எடுத்துக்கொள்வார். புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு நாள், மூன்று மணிக்கு மேல், பாஞ்சாலி மண்ணூருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. ரகுபதி வீட்டு வாசலில், பிள்ளைக்குப் பக்கத்தில், அதை வைத்தாள்.

"கய்னி வேலைலேர்ந்து நான் வந்து, குளிச்சி, ஆக்கி, ஊட்டுறதுக்குள்ள ரெண்டு மணி ஆயிடுது. தெனமும் எம் புள்ள பாதி சோத்துல எந்திரிச்சிப் போறான். பாதிய நான் போட்டேன். மீதிய நீ போடு" என்றாள். சத்தம் போடவில்லை. ரகுபதியைப் பார்க்கவும் இல்லை. வந்த வழியே போய்விட்டாள்.

ரகுபதி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிசைந்து ஒரு உருண்டையை நீட்டினார். அன்பு வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அந்த உருண்டையை நீட்டியபடி ரகுபதி எவ்வளவு நேரம் இருந்தார் என்பதற்குச் சரியான தகவல் இல்லை. லீலா அரை மணி என்றாள், எதிர் வீட்டுக்காரர்கள் நாலு மணி பஸ் போய்விட்டது என்றார்கள். கடைசியில் அன்பு வாயைத் திறந்தான். பசிக்கு ரோஷம் எத்தனை நாள் தாங்கும்?

மறுநாள் காலை ரகுபதி கூரைச் சந்திலிருந்து ட்யூபை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசைமேல் வைத்தார். ரெஜிஸ்டரை அவரே பிரித்து, 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்பதைக் காதில் இருந்த பென்சிலால் அடித்துவிட்டு, 'ஸ்பிரிங் மாற்றாதது என் தவறு, ரகுபதி, ஃபிட்டர்' என்று எழுதினார். சொதப்பல் என்ற சொல்லை அவர் எழுதவில்லை. அத்தனை பேர்மீதும் வீசிய சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ள அன்றைக்கும் அவருக்கு வாய் வரவில்லை. மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவரையும் வெளியே அனுப்பினார். கிழித்த பக்கம் இரண்டு மணிக்கு எந்த வாசலுக்கும் போகவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. ஆனால் கம்பெனிக்குள் இருந்தவர்கள் அதைப் படித்திருந்தார்கள். அன்பு சொதப்பினான் என்று அப்புறம் யாரும் சொல்லவில்லை. பாஞ்சாலிக்கு அது போதுமானதாக இருந்தது.

ரகுபதி வாசலிலேயே சைக்கிள் கடை போட்டுக்கொண்டார். வேறெங்கே வேலைக்குப் போனாலும் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்க முடியாது. கடையில் சைக்கிள் ட்யூபுகள் வரிசையாகத் தொங்கும். அன்பு அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வருஷங்கள் அப்படிப் போயின.

1996 பங்குனியில் பாஞ்சாலி இறந்தாள். அரக்கோணத்து உறவுக்காக எடுப்பதைத் தள்ளிப்போட்டதில் நேரம் ஆகிவிட்டது. சுடுகாட்டில் அன்புவின் மணிக்கட்டில் கொள்ளியைத் துணியால் கட்டி, அவன் சிதையை நோக்கி இரண்டடி வைத்தபோது மணி இரண்டு. கட்டிய துணியோடு கொள்ளி தரையில் விழுந்தது. ரகுபதி அன்று தட்டை எடுக்கவில்லை. வாசலுக்கு வந்தவனை எழுப்பி டிவிஎஸ் ஐம்பதின் பின்னால் உட்காரவைத்து, விழாமலிருக்க ஒரு வேட்டியால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சேரப்பணஞ்சேரி சுடுகாட்டுக்கு ஓட்டினார். கூட்டம் காத்திருந்தது. இந்தத் தடவை கொள்ளியை ரகுபதி கட்டினார். முடிச்சு இறுக்கமாக நின்றது. அதற்கடுத்த நாளிலிருந்து அன்பு வெறும் வயிற்றோடு வந்தான், மீதிச் சோறு முழுச் சோறாயிற்று.

பிறகு பெரிய பெரிய கார் கம்பெனிகள் வந்தன, ஏரிக்கரை ஆறு வழிச் சாலையாயிற்று. ஒரு சாமானை நாற்பது பேர் தொடுகிற லைன்களில் கெட்டுப்போனவை, யார் வாசலுக்குப் போவதென்று தெரியாமல் கொஞ்ச காலம் ஒரகடம் கூட்ரோட்டில் நடுச்சாலையில் நின்றன. டிராபிக் போலீஸ் வண்டிகளைச் சுற்றிவிட்டது. பிறகு அவை வருவது நின்றுவிட்டது. சங்குக் கம்பெனி மூடப்பட்டுச் சங்கு காயலான் கடைக்குப் போயிற்று. அன்புவுக்கு மட்டும் நேரம் மாறவில்லை. அந்தத் தெருப் பெண்கள் அவன் வந்துவிட்டானா என்று பார்த்துத்தான் குழாயைத் திறந்தார்கள்.

ரகுபதிக்கு எழுபது வயதானபோது கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்பேனர் பிடிக்கவில்லை, கடையைக் கட்டிவிட்டார். ஊட்டுவதை மட்டும் லீலாவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் கத்திரிக்காய்க் குழம்பு பிசைந்த உருண்டை அவர் விரல்களுக்கு நடுவில் உடைந்து, அன்புவின் வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்க வழிந்தது. அன்புவுக்கும் தலை பாதி நரைத்திருந்தது. அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான்.

"இன்னாண்ணே, சொதப்புற" என்றான்.

சாதாரணமாகத்தான் சொன்னான். ரகுபதி தட்டைக் கீழே வைத்தார். அவன் மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"ஆமாம்பா. சொதப்பிட்டேன்" என்றார்.

தோளில் கிடந்த துண்டால் அவன் சட்டையைத் துடைத்தார், பிறகு மோவாயைத் துடைத்தார். அடுத்த உருண்டையைக் கொஞ்சம் சின்னதாக உருட்டினார். அன்பு வாயைத் திறந்தான். மறுநாள் இரண்டு மணிக்கும் வந்தான்.